அருங்காட்சியகத்துக் கல்லைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? (கடலூர் முதுநகர்)

ஐஸ்பார் கணக்கர் (கேள்வி):

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு மையம் நடத்துகிறோம், நானும் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவும். ஒன்பதாவதிலிருந்து பதினொன்றாவது வரை படிக்கிறவர்கள் வருகிறார்கள். சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைக்கோரி பக்கத்துப் பிள்ளைகள். படிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் பரீட்சை எழுதப் பார்க்கிறவர்களும் உண்டு. பையன்களில் பாதிப் பேர் விடியற்காலையில் துறைமுகத்தில் கூடை தூக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெண்பிள்ளைகள் லீவு நாளில் அம்மாவோடு இறால் உரிக்கப் போவார்கள்.

ஒன்பதாவது சமூக அறிவியலில் நிலக்கோளம் என்று பாடம் வருகிறது. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். தெருவில் கிடக்கிற கல்லைக் காட்டி இது எந்த வகை என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். "படத்தைப் பார்த்து என்ன சார் ஆகப்போவுது, கல்லையே காட்டுங்க" என்றார் டீச்சரம்மா. அதனால் ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். எந்த ஊர், எது என்பதெல்லாம் வேண்டாம், விட்டுவிடலாம்.

வாசலிலேயே வரிசையில் நிறுத்தினார்கள். தொடாதே, சாயாதே, சத்தம் போடாதே. காவலாளி எங்கள் பையன் ஒருவனின் பையை வாங்கித் திறந்து துழாவினார். பின்னாலேயே டை கட்டிய தனியார் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் பை எதுவும் திறக்கப்படவில்லை. இவன் அதற்கப்புறம் உள்ளே எதையும் பார்க்கவில்லை. கற்கள் கடைசி மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ஆங்கிலத்தில் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் தமிழ்ப் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? மொத்தமே கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

வெளியே மரத்தடியில் ஒரு கல்மரத் துண்டு கிடந்தது. பை திறக்கப்பட்ட அதே பையன் அதன் மேல் உட்கார்ந்து, விரலால் தடவிக்கொண்டே இருந்தான். "சார், இது மரமா?" என்றான். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடைப்பது, 2 கோடி வருஷம் ஆயிருக்கும், மரம் கல்லாகிவிட்டது என்றேன். எழுந்து நின்று ஒரு சுற்று சுற்றி வந்தான். "கிளையெல்லாம் எங்க? வேரு எங்க?" எனக்குத் தெரியவில்லை. அவனே சொன்னான்: "இது அங்க மொளச்ச மரம் இல்ல சார். வெள்ளத்துல வந்தது. மழைக்கு அப்புறம் பெண்ணையாத்து முகத்துவாரத்துல பாத்திருக்கீங்களா, வர்ற கட்டையெல்லாம் இப்படித்தான் இருக்கும். கிளை முறிஞ்சு, வேரு முறிஞ்சு, பட்டை உரிஞ்சு."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். திருவக்கரையில் மரங்கள் படுத்த வாக்கில்தான் கிடக்கின்றனவாம். வேரும் இல்லை, கிளையும் இல்லை, இலையும் இல்லை. ஆகவே அவை வேறெங்கோ வளர்ந்து, ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்றுதான் நிலவியல் அறிஞர்களும் சொல்கிறார்கள். நம் பையன் புத்தகம் எதையும் பார்க்காமல் அந்த முடிவுக்கு வந்திருக்கிறான்.

அதனால் இதை விட எனக்கு மனசில்லை. நான் கேட்பது இவைதான். உள்ளூரில், காசு அதிகம் இல்லாமல், எதை எங்கே காட்டலாம்? ஒரு நாள் சுற்றுலாவாக முடியாமல் தொடர்ந்து நடத்த என்ன வழி? லீவு நாளில் கூட்டிப் போனால் அன்றைய கூலி போகிறது. அதற்கு யாராவது ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இன்னொன்று, இவர்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது. கலர் பென்சில் கொடுத்து டைனோசர் வரையச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

________

ரிக் வண்டி:

அண்ணே வணக்கம். நான் பண்ருட்டிப் பக்கம். படிச்சது பத்தாவது. போர்வெல் போடுறதுதான் தொழில். கண்ணாடிப் பெட்டியில இருக்கிற கல்லு கிடக்கட்டும், உங்க பிள்ளைங்க காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு நான் காட்டுறேன்.

நம்ம பக்கம் ரோட்டரி ரிக்குதான் ஓடும். பாறை கிடையாது, மண்ணும் மணலும்தான். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் தண்ணியோட மேல வர்ற மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி சாக்கு மேல வரிசையா வெச்சுக்கிட்டே போவோம். எந்த ஆழத்துல ஃபில்டர் பைப் (தண்ணி உள்ள வர ஓட்டை போட்ட பைப்) விடணும், எதுல கேசிங்கோட (ஓட்டை இல்லாத பைப்) அடைச்சு விடணும்னு அந்த வரிசையைப் பாத்துத்தான் முடிவு பண்றது. முதுநகர்ப் பக்கம் போட்டா மேல கடல் மணல் வரும். அப்புறம் சிப்பியும் கிளிஞ்சலும் கலந்த கருங்களி வரும், கழிமுகத்துச் சேறு மாதிரியே நாறும். அதாவது ஒரு காலத்துல அங்க உப்பங்கழி இருந்திருக்கு. அதையும் தாண்டிப் போனா மஞ்சளும் செகப்புமா மணல், நடுநடுவுல வெள்ளைக் களி. இந்தச் செகப்பு மணலுக்குப் பேரே கடலூர் மணற்பாறைதான், படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. எங்க ஊரு முந்திரியும் பலாவும் நிக்கிறது அது மேலதான். உங்களுக்கு அதைக் கண்ணால பாக்கணும்னா டவுன் பஸ்ல ஏறி கேப்பர் மலை போங்க. செகப்பா வெட்டி வெச்ச மேடு இருக்கும். உங்க திருவக்கரை கல்மரம் கிடக்கிறதும் இதே மணற்பாறையிலதான்.

நான் என்ன சொல்றேன்னா, ஒரு போரோட மண்ணு மொத்தத்தையும் தனித்தனியா கவர்ல போட்டு, எத்தனை அடின்னு எழுதித் தர்றேன். உள்ள இருக்கிறது வெளியே தெரியிற பிளாஸ்டிக் ஹோஸ் வாங்குங்க. பத்தடிக்கு ஒரு இஞ்சுன்னு கணக்கு வெச்சு, ஆழத்துல இருக்கிற மண்ணை முதல்லயும் மேல் மண்ணைக் கடைசியிலயும் கொட்டச் சொல்லுங்க. செவுத்துல நிமித்திக் கட்டினா ஊரை நறுக்கிப் பாத்த மாதிரி இருக்கும். கணக்குப் பாடமும் ஆச்சு.

நெய்வேலியில சொந்தக்காரங்க வேலை பாக்கிற பிள்ளைங்க இருந்தா அதையும் கேக்கச் சொல்லுங்க. இந்த மணற்பாறைக்கு அடியிலதான் பழுப்பு நிலக்கரி. அதுக்கும் கீழ இருக்கிற தண்ணி அழுத்தத்தோட மேல ஏறப் பாக்கும். ராப்பகலா மோட்டார் வெச்சு எறைச்சு அழுத்தத்தைக் கொறைக்கலைன்னா சுரங்கத்துத் தரையே பொத்துக்கும். ஏன் இவ்வளவு தண்ணியை எறைக்கிறாங்கன்னு சுத்துப்பட்டு ஊர்ல எல்லாரும் பேசுவாங்க, காரணம் தெரிஞ்சவங்க கம்மி.

ஒண்ணு மட்டும் கண்டிப்பு. ரிக் ஓடும்போது பிள்ளைங்களைப் பக்கத்துல விடமாட்டேன். முடிஞ்சதுக்கு அப்புறம் வரணும்.

________

நிஜம் பேசுவோம்:

நல்ல எண்ணம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும். கல்லைப் பற்றித் தெரிந்து யாருக்கு வேலை கிடைத்தது? இருக்கிற ரெண்டு மணி நேரத்தை இதில் செலவழித்தால் பெயிலாகும்போது அவர்கள் அம்மா அப்பாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

________

ஐஸ்பார் கணக்கர்:

கணக்கும் ஆங்கிலமும் தினமும் நடக்கிறது ஐயா. அதற்காகத்தான் மையமே. என் அனுபவத்தில், தனக்கு ஒன்று தெரியும் என்று ஒருமுறை உணர்ந்த பிள்ளை கணக்கிலும் கொஞ்ச நேரம் கூட உட்காருகிறது. அந்தக் கல்மரப் பையன் இப்போது வகுத்தல் கணக்கை என்னிடமே கேட்டுப் போட்டுப் பார்க்கிறான், 2 கோடியை ஒரு மனுஷனின் ஆயுளால் வகுத்தால் எத்தனை தலைமுறை என்று. வேலை விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ரிக் வண்டித் தம்பி, கவர்களை எடுத்து வையுங்கள். ஹோஸ் நான் வாங்குகிறேன்.

________

கருமணல்:

அண்ணா, நான் தேவனாம்பட்டினத்துப் பெண். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தேன், இப்போது நிலத்தடி நீர் தொடர்பான வேலையில் இருக்கிறேன். ("நிஜம் பேசுவோம்" அவர்களுக்கு: கல்லைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.)

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அப்புறம் எங்கள் ஊருக்கு வராத ஆள் இல்லை. பேனரோடு வருவார்கள், எங்களை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். அதனால் போட்டோ வேண்டாம். "பின்தங்கிய மாணவர்கள்" என்று எந்தத் தாளிலும் அவர்கள் கண்ணில் படும்படி எழுத வேண்டாம். பெண்பிள்ளைகள் வர வேண்டுமென்றால் போகிற இடத்தில் பாத்ரூம் இருக்கிறதா என்று நீங்களே முன்னாடி போய்ப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் கொண்டு வந்து விடுங்கள். டீச்சரம்மா கூட வருகிறார் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அவரே போய்ச் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் அனுப்ப மாட்டார்கள். கூலி போகிறதே என்ற விஷயத்தில் என் கருத்து ரொம்ப நேரடியானது: இறால் கம்பெனியில் அன்று கிடைப்பதைக் கொடுத்துவிடுங்கள். பரிசு, ஊக்கத்தொகை என்று பெயர் வைக்காமல், வேலைக்குக் கூலியாகவே கொடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கற்களைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டாம், மணலில் ஆரம்பியுங்கள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி ஒரு பால் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அலை ஏறி இறங்கும் இடத்தில், குறிப்பாக மழைக்காலம் முடிந்த கையோடு, கருப்பாக வரி வரியாக மணல் படிந்திருக்கும். அதைக் காயவைத்து ஒரு பேப்பரில் மெல்லிசாகப் பரப்பி, கவரை மேலாகக் கொண்டு போனால் கருப்பு மணிகள் எழும்பி வந்து மயிர் சிலிர்த்தாற்போல ஒட்டும். வேறொரு பேப்பருக்கு மேல் கொண்டுபோய்க் காந்தத்தைக் கவரிலிருந்து வெளியே எடுத்தால் பொலபொலவென்று கொட்டிவிடும். அது மேக்னடைட், இரும்புத் தாது. காந்தத்தில் ஒட்டாமல் பேப்பரில் நிற்பதை லென்ஸில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் குவார்ட்ஸ். இளஞ்சிவப்பாக, கண்ணாடித் துண்டு போல மின்னுவது கார்னெட்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கார்னெட் கடலில் முளைத்ததா? இல்லை. உள்நாட்டில் இருக்கும் பழைய கடினப் பாறைகளில் பிறந்தது. பாறை உடைந்து, மழையில் கரைந்து, தென்பெண்ணை போன்ற ஆறுகளில் உருண்டு இங்கே வந்து சேர்ந்தது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்படுகிறது. தன் வீட்டு வாசல் மணலில் நந்தி மலைப் பக்கத்துத் துகளும் கிடக்கலாம் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் ஒரு நிமிஷம் நிற்கும். நான் நின்றேன்.

அடுத்தது மணல் நகர்வது. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மாதத்தில் திரும்புகிறது என்று உங்கள் பையன்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். நம் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல்சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு நகரத்துக் கடற்கரை இப்படித்தான் காணாமல் போய், வெறும் கருங்கல் குவியல் மிஞ்சியது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்த இடத்தில் மணல் திரும்பியது. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர்) வேண்டும் வேண்டாம் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சண்டை போட்டுக்கொள்கிற குப்பங்களில் இது பாடமே இல்லை, வாழ்க்கை.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைகள் யாரும் 2004-இல் பிறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் ஆயாவுக்கு, அம்மாவுக்குத் தெரியும், தண்ணீர் எந்தச் சுவரில் எந்த உயரம் வந்தது என்று. அதைக் கேட்டு அளந்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். சுனாமி வயலிலும் தோப்பிலும் மணலைப் பரப்பிவிட்டுப் போகும், பிறகு அதன் மேல் மண் மூடிவிடும். தாய்லாந்தில் ஃப்ரா தோங் என்ற தீவில் குழி வெட்டி அப்படிப்பட்ட பழைய மணல் அடுக்கைக் கண்டுபிடித்து, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பெரிய சுனாமி வந்திருக்கிறது என்று 2008-இல் எழுதினார்கள். ஆனால் ஆயாவிடம் கேட்கும் முன் வீட்டு நிலவரம் பாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அங்கே கேட்க வேண்டாம்.

________

கடல் தாண்டியவன்:

நான் இருப்பது சான் பிரான்சிஸ்கோ பக்கம். இங்கே எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்று ஒரு அறிவியல் அருங்காட்சியகம், 1969-இல் திறந்தது. அங்கே உங்களுக்கு விளக்கம் சொல்கிறவர்களில் நிறைய பேர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். திறந்த காலத்திலிருந்தே அப்படித்தான், சம்பளமும் உண்டு. மாட்டுக் கண்ணை அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டுவார்கள், கூட்டம் அம்மும். (துறைமுகத்துப் பிள்ளைகள் கத்தி பிடிப்பதைப் பார்த்தால் இவர்கள் வாய் பிளந்துவிடுவார்கள்.) நியூயார்க் அறிவியல் கூடத்திலும் 1986 முதல் இதே வழி: பார்வையாளருக்கு விளக்குகிற இளைஞர்கள் படிப்படியாக மேலே போவார்கள்.

நிலவியலுக்கு நெருக்கமாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், சிகாகோவில் டைனோசர் ஆய்வாளர் பால் செரினோவும் கேப்ரியேல் லயனும் 1999-இல் தொடங்கிய ப்ராஜெக்ட் எக்ஸ்ப்ளொரேஷன். நகரத்து அரசுப் பள்ளிகளில் படிக்கிற, அறிவியல் பக்கமே யாரும் அழைக்காத பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளையும் கறுப்பினத்தவர்களையும் சேர்த்துக்கொண்டு புதைபடிவம் தோண்டும் இடத்துக்கே கூட்டிப் போனார்கள். மார்க் பார்த்து எடுக்கவில்லை, ஆர்வம் பார்த்துத்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இவர்கள் யாரும் பிள்ளைகளைப் பார்வையாளராக மட்டும் வைத்திருக்கவில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்து, அதற்குக் காசும் கொடுத்தார்கள். மேலே அந்தத் தங்கை சொன்ன கூலி விஷயமும் அதுதான்.

________

பழைய காப்பாட்சியர்:

அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பையைத் திறந்து பார்த்தது வருத்தமாக இருக்கிறது. அதை நியாயப்படுத்த மாட்டேன். உள்ளே இருப்பவன் பார்வையில் சிலவற்றைச் சொல்கிறேன், உபயோகமாக இருக்கும்.

மாவட்ட அருங்காட்சியகம் என்றால் ஒரு காப்பாட்சியர், கைவிரலில் எண்ணக்கூடிய ஊழியர்கள். காப்பாட்சியர் பெரும்பாலும் தொல்லியலோ விலங்கியலோ படித்தவராக இருப்பார். கற்கள் இருக்கும் பெட்டிக்கு முன்பிருந்தவர் எழுதி வைத்த அட்டையே காலங்காலமாகத் தொங்கும். அதனால் "சுற்றிப் பார்க்க வருகிறோம்" என்று கடிதம் எழுதாதீர்கள். "உங்கள் கற்களுக்குத் தமிழில் விளக்க அட்டை எழுதித் தருகிறோம், பிழை திருத்த நிலவியல் படித்த ஒருவர் எங்களோடு இருக்கிறார்" என்று எழுதுங்கள். மறுக்கிற காப்பாட்சியரை நான் பார்த்ததில்லை. ஒரு கல்லுக்கு ஐந்தாறு வரி போதும். அந்தப் பையன் கல்மரத்தைப் பற்றிச் சொன்னானே, அதையே அவன் வாய்மொழியில் எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த எந்த அட்டையிலும் அவ்வளவு தெளிவு கிடையாது.

எல்லாக் கூடத்தையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரே பெட்டி, ஒரு மணி நேரம். எங்கள் துறை அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேலை நாளில் பிற்பகல் மூன்றுக்கு மேல் கூட்டம் இருக்காது, காவலாளியும் நிதானமாக இருப்பார். அவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள், அதிகாரியிடம் அப்புறம் பேசலாம்.

கற்களுக்குத் தனிக்கூடம் இல்லாவிட்டாலும் நிலவியல் உண்டு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் இருக்கின்றன. அரிக்கமேடு புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய துறைமுகம், தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டிய இடம். மணிகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் ரோமாபுரி வணிகம் என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று அவை எதனால் ஆனவை என்று பாருங்கள். அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளோடு செவ்வந்திக்கல், சூதுபவளம், கார்னெட் மணிகளும் கிடைத்திருக்கின்றன. பால் கவரில் பிரித்தெடுத்த அதே கனிமம் என்று பிள்ளைகளே பெட்டியைக் காட்டிச் சொல்வார்கள். புதுச்சேரியில் அது திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம்.

புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் மண்ணுக்குக் கீழே கடற்படிவுகள் உண்டு. சுமார் 7 கோடி ஆண்டுகள் பழையவை. டைனோசர் காலத்துக் கடைசி. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பொறுக்கிக் கொடுத்த சுருள் ஓட்டுப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846-இல் விவரித்து எழுதினார். இன்று அந்தப் பகுதியில் தொழிற்பேட்டையும் மனைப்பிரிவும்தான். போய்த் தேட வேண்டாம், இருக்கிறது என்று சொன்னால் போதும்.

திருவக்கரை போகாமல் இருக்க முடியாது. புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கி.மீ., பஸ் உண்டு. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இலேயே எழுதி வைத்த இடம். ஜி.எஸ்.ஐ. (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) வேலி போட்டுப் பாதுகாக்கிற தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கிருந்து விரல் நகத்தளவு சில்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் போய்ச் சொன்னால் மறுபடியும் பையைத் திறந்து பார்க்கிற கதையாகிவிடும். ஊரில் அவற்றை வக்கிராசுரனின் எலும்பு என்பார்கள். பிள்ளைகள் அதைச் சொன்னால் மூடநம்பிக்கை என்று வெட்டாதீர்கள். கல்லாய்ப் போன ஒன்று, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்பதை அந்தக் கதை சொன்னவர்கள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். மிச்சத்துக்குத்தான் நிலவியல். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில் இருப்பதால் தாய்மார்களும் சந்தோஷமாக வருவார்கள். பௌர்ணமி மட்டும் வேண்டாம், நிற்க இடமிருக்காது. போவதானால் தை மாதத்தில் போங்கள். சித்திரை வெயிலில் அந்தப் பொட்டலில் நிற்க முடியாது.

கூலி, நேரம் என்று கேட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், துறைமுகத்தில் கூடை தூக்கும் வேலை கிடையாது, பள்ளியும் லீவு. அதன் நடுவில்தான் மே 18, உலக அருங்காட்சியக நாள். அன்று ஏதாவது நிகழ்ச்சி நடத்தியாக வேண்டுமே என்று ஒவ்வொரு காப்பாட்சியரும் தவித்துக்கொண்டிருப்பார். உங்கள் பிள்ளைகளைக் கற்களுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். போர் மண் நிரப்பிய ஹோஸ், காந்தம், கருமணல் மூன்றும் கூட இருக்கட்டும். அவற்றைத் தாராளமாகத் தொடலாம், அரசாங்கச் சொத்து இல்லை. கடிதம் மார்ச்சிலேயே போய்விட வேண்டும்.

________

ஐஸ்பார் கணக்கர்:

ஐயா, தடைக்காலத்தை வயிற்றெரிச்சலோடு கணக்கு எழுதுகிறவன் நான். அந்த இரண்டு மாதமும் எங்கள் கம்பெனியில் ஐஸ் பார் விற்பனை படுத்துவிடும். அதை இப்படித் திருப்பிப் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று மையத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். "நாமளே விளக்கணுமா, இங்கிலீஷ்லயா?" என்பதுதான் முதல் கேள்வி. தமிழில்தான் என்றதும் முகம் மாறியது. இறால் உரிக்கிற பிள்ளை ஒருத்தி, கருமணல் அவள் வீட்டுப் பக்கம் எங்கே படியும் என்று தனக்குத் தெரியும், தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பை திறக்கப்பட்ட பையன் ஒரு நிபந்தனை போட்டான்: அன்றைக்கு அவன் பையை யாரும் பார்க்கக் கூடாது. கடிதத்தில் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, காவலாளியிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

கூலிக்கு: எங்கள் முதலாளியிடம் கேட்டேன். பாதி தருகிறேன் என்றார், ஆனால் கம்பெனி பெயரில் பேனர் கட்டணுமாம். வேண்டாம் என்றுவிட்டேன். டீச்சரம்மா பென்ஷனிலிருந்து தருகிறேன் என்கிறார், அதுவும் சரியில்லை. ஏலக்கூடத்து ஆட்களிடம் பேசிப் பார்க்கப் போகிறேன். பிள்ளைகளெல்லாம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

கருமணல் தங்கை, அட்டைகளைத் திருத்தித் தருவீர்களா? கடிதத்தில் உங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

________

கருமணல்:

தருகிறேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் வந்துவிடுவேன், மையத்துக்கே வருகிறேன். ஸ்பீக்கர் காந்தம் மட்டும் பெரியதாகப் பார்த்து எடுத்து வையுங்கள், சின்னது இழுக்காது.

________

ரிக் வண்டி:

அண்ணே, ராசாப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு போர் நாளைக்கு முடியுது. சாக்குல மண்ணு வரிசை அப்படியே இருக்கும், வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன். மூணு மணிக்கு மேல வாங்க. எல்லாரும் செருப்பு போட்டுக்கிட்டு வரணும், சுத்திலும் வெல்டிங் துண்டா கிடக்கு.